மாட்டின் பல்லும் காரின் எண்ணும்



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் முன்னோர் சொல். விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும் என்ற அறிவுரையும் அதற்குள்ளே இருக்கிறது. இன்று நாம் பேசப் போவது மாட்டைப் பற்றியன்று. பழைய கார்களைப் பற்றியும், அவற்றை விற்பதில் நடக்கும் மோசடிகளைப் பற்றியும், அவற்றிலிருந்து மக்கள் தங்களைக் காத்துக்கொண்ட வரலாற்றைப் பற்றியும் ஆகும். ஆயினும் மாட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

சிங்கப்பூரில் தமிழர் நடமாட்டம் மிகுந்த சிராங்கூன் சாலைக்குச் சென்றவர்கள், தேக்கா சந்தையை ஒட்டிய தெருக்களின் பெயர்களைக் கவனித்திருக்கலாம். ஒன்று பஃபலோ சாலை. மற்றொன்று கெர்பாவ் சாலை. முன்னது ஆங்கிலத்திலும் பின்னது மலாயிலும் எருமையைக் குறிக்கும் சொற்கள். அந்த வட்டாரத்தின் பழைய பெயரே ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைத் தொழுவம். அருகிலுள்ள பெலிலியோஸ் சாலை ஒரு மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மாட்டு வணிகம் செழித்திருந்தது. வண்டி இழுக்கவும், பாலுக்கும், இறைச்சிக்கும் மாடுகள் கைமாறின. அந்தத் தொழிலில் தமிழர்கள் பலர் இருந்தனர்.

மாடு வாங்கத் தெரிந்தவன் மாட்டின் மினுமினுப்பைக் கண்டு மயங்குவதில்லை. விற்பனைக்கு நிறுத்திய மாட்டுக்குத் தவிடும் தண்ணீரும் நிறையக் காட்டி வயிற்றை உப்ப வைக்கலாம். கொம்பைச் சீவி எண்ணெய் தடவி இளமைக் கோலம் காட்டலாம். பல் மட்டும் பொய் சொல்லாது. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயதைப் பல்லே சொல்லிவிடும். அதன் பிறகு நடக்க விட்டுப் பார்ப்பான். நுகத்தில் கட்டிப் பார்ப்பான். யாருடைய மாடு, எந்த ஊரிலிருந்து வந்தது என்று விசாரிப்பான். துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வயது, உழைப்பு, உரிமை ஆகிய மூன்றையும் சோதித்த பின்னரே பணம் கைமாறும்.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய அந்தச் சிங்கப்பூருக்கு 1896ஆம் ஆண்டில் முதல் மோட்டார் கார் வந்து சேர்ந்தது. கட்ஸ் சகோதரர்கள் என்ற வணிக நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸ் வண்டியை இறக்குமதி செய்தது. சிங்கப்பூரின் பழைய வரலாற்றைத் தொகுத்து எழுதிய சார்லஸ் பக்ளி என்பவர் அப்படிப்பட்ட ஒரு வண்டியை வைத்திருந்தார். அது போட்ட சத்தத்தைக் கேட்ட மக்கள் அதற்குக் ‘காப்பி இயந்திரம்’ என்று பெயர் சூட்டினர். பின்னர் கார்கள் பெருகின. எந்த வண்டி யாருடையது என்று அறிய அரசாங்கம் பதிவு எண் கொடுக்கத் தொடங்கியது. மலாயாவில் முதன்முதலில் கார் ஓட்டிய பெண்மணி எனப் பெயர் பெற்ற டேர் அம்மையாரின் கார் ‘எஸ்-1’ என்ற எண்ணைத் தாங்கியிருந்தது.

இங்கே ஓர் உண்மையை நாம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவு எண் என்பது காருக்குப் போட்ட சட்டை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் அந்தப் பலகை வேறொரு காருக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு காருக்கும் உடம்போடு ஒட்டிய வேறு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, காரின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண். மற்றொன்று, இயந்திரத்தில் பொறித்த எஞ்சின் எண். இவை இரண்டும் பதிவுப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருக்கும். இரும்பில் உள்ளதும் தாளில் உள்ளதும் ஒத்திருந்தால்தான் அந்தக் கார் அந்தக் கார். மாட்டுக்குப் பல் எப்படியோ, காருக்குச் சேஸிஸ் எண் அப்படி.

இந்த எண்ணை வைத்தே உலகில் பெரிய மோசடிகள் நடந்திருக்கின்றன. அவற்றுள் ஒரு வகையை அமெரிக்காவில் காணலாம். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போண்டியாக் நிறுவனம், நடுத்தர அளவுள்ள ஒரு சாதாரணக் காரில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி ‘ஜி.டி.ஓ.’ என்ற பெயரில் விற்றது. இளைஞர்கள் அதை விரும்பி வாங்கினர். மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இப்படி முறுக்கேறிய கார்களை ‘மஸில் கார்’ என்று அழைத்தனர். மஸில் என்றால் தசை. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், ஏறிய காப்புறுதிக் கட்டணமும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்து வைத்தன. உற்பத்தி நின்றது, ஆண்டுகள் ஓடின, அரிய பொருளாகிவிட்டதால் விலை ஏறியது. பழைய அஞ்சல் தலையையும் பழைய நாணயத்தையும் சேர்ப்பது போல், வசதி படைத்தவர்கள் இந்தக் கார்களைச் சேர்க்கலாயினர்.

விலை ஏறிய இடத்தில் போலி முளைக்கும். 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் ஜி.டி.ஓ. என்பது தனி வகைக் கார் அன்று. சாதாரணக் காருக்குக் கூடுதல் பணம் கட்டிப் பெற்ற ஒரு சிறப்பு ஏற்பாடுதான். ஆகையால் அந்த ஆண்டுகளின் சேஸிஸ் எண்ணைப் பார்த்து அது ஜி.டி.ஓ.வா, சாதாரணக் காரா என்று சொல்ல முடியாது. 1966ஆம் ஆண்டில் அது தனி வகையானது. சேஸிஸ் எண்ணும் 242 என்று தொடங்கியது. மோசடிக்காரர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகப் படித்து வைத்திருந்தனர். எண் காட்டிக் கொடுக்காத ஆண்டின் சாதாரணக் காரை எடுத்து, பெரிய எஞ்சினைப் பொருத்தி, பெயர்ச் சின்னங்களை ஒட்டி, பல மடங்கு விலைக்கு விற்றனர். இதற்கு மாற்றுக் கண்டவர்கள் தொழிற்சாலையின் பழைய ஏடுகளைத் தேடிச் சென்றனர். கார் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் எழுதிய பட்டியலின் நகலை வரவழைத்துப் பார்த்தால், அன்று அந்தக் காரில் என்ன எஞ்சின் இருந்தது என்பது வெளிப்பட்டுவிடும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். போர்டு நிறுவனம் 1971ஆம் ஆண்டில் ‘ஃபால்கன் ஜி.டி.-எச்.ஓ.’ என்ற காரின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. செய்தது 300 கார்கள் மட்டுமே. இன்று அது பெரும் செல்வர்கள் வாங்கும் பொருள். சாதாரண ஃபால்கனை அந்தக் கோலத்தில் ஒப்பனை செய்து விட முடியும் என்பதால், தாளும் எண்ணும் இல்லாமல் எவரும் அதைத் தொடுவதில்லை.

இனிச் சிங்கப்பூருக்குத் திரும்புவோம். சிறிய தீவு, குறைந்த சாலை. ஆகவே கார்களைக் கட்டுப்படுத்த அரசாங்கம் படிப்படியாக விதிகள் செய்தது. பழைய காரைக் கைவிட்டுப் புதிய கார் வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணச் சலுகை தரும் திட்டம் 1975ஆம் ஆண்டில் வந்தது. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘சி.ஓ.இ.’ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. கார் வாங்குபவர் முதலில் ஏலத்தில் இந்தச் சான்றிதழைப் பெற வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. அதன் பிறகு மீண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். இல்லையேல் காரின் பதிவை நீக்கி, உடைக்க வேண்டும் அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இதனால் நன்றாக ஓடக்கூடிய கார்களும் பத்தாண்டில் சாலையை விட்டு மறைந்தன. பழைய கார்கள் அருகின. அருமை பார்த்து அவற்றைப் பேணுவோருக்கென அரசாங்கம் தனித் திட்டங்கள் வகுத்தது. 1940ஆம் ஆண்டுக்கு முன் செய்த கார்கள் ஒரு வகை. குறைந்தது 35 ஆண்டு பழமையான கார்கள் மற்றொரு வகை. அந்தத் திட்டத்தில் பதிந்த காரை ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். பயன்படுத்திய கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் அவை மூன்று ஆண்டுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. பழம்பெரும் கார்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். கார் இருப்பது கடலுக்கு அப்பால். வாங்குபவர் இருப்பது சிங்கப்பூரில். கையில் இருப்பது புகைப்படம். ‘முன்பணம் அனுப்புங்கள், வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்’ என்று அவசரப்படுத்தும் குரல் ஒன்று. மாட்டைப் பார்க்காமலே பல்லுக்குப் பணம் கொடுப்பது போன்ற வியாபாரம் இது. புதிய கார் விஷயத்திலும் முன்பணம் தொல்லை கொடுத்ததுண்டு. 2014ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் ஒரு கார் வணிகர் பலரிடம் முன்பணம் வாங்கிவிட்டுக் கார்களைக் கொடுக்காமல் கடையை மூடியது பெரிய செய்தியாயிற்று. படித்தவர்களும் ஏமாந்தார்கள். ஆகவே ஏமாறுவது அறியாமையால் மட்டும் வருவதன்று. ஆசையும் அவசரமும் சேரும்போது அறிவு சற்று ஒதுங்கி நின்றுவிடுகிறது.

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசாருக்கு அருகே, சுங்கை ரோடு சந்தை இருந்தது. 1930களில் தோன்றிய அந்தப் பழம்பொருள் சந்தையை மக்கள் ‘திருட்டுச் சந்தை’ என்றே அழைத்தனர். பழைய கடிகாரம், வானொலிப் பெட்டி, கருவிகள், நாணயங்கள் எல்லாம் தரையில் விரித்த துணியில் கிடக்கும். 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. பெயர் அப்படி இருந்தாலும், அங்கே போனவர்கள் விழிப்போடு போனார்கள். கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார்கள்; பின்மூடியைத் திறந்து பார்த்தார்கள். சந்தையின் பெயரே எச்சரிக்கைப் பலகையாக இருந்தது. கண்ணாடிக் கதவும், குளிர்சாதனமும், கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளரும் இருக்கும் இடத்தில்தான் நாம் பின்மூடியைத் திறந்து பார்க்கக் கூச்சப்படுகிறோம்.

‘வசதி உள்ளவர்கள் அரிய கார் வாங்கி ஏமாறுகிறார்கள், தோட்டத்தில் பால் வெட்டும் நமக்கும் அதற்கும் என்ன உறவு?’ என்று நேயர்கள் கேட்கலாம். உறவு மிக நெருக்கமானது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் நாள்தோறும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். மோசடிக்காரர்களும் எல்லையை அறிந்தவர்களே.

மலேசியாவில் ‘கிரேத்தா குளோன்’, அதாவது நகல் கார் என்று சொல்லப்படுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் பதிவு நீக்கி உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டிய கார், அல்லது எங்கோ களவாடிய கார், கள்ளத்தனமாக எல்லை கடந்து வருகிறது. வரி கட்டாத அந்தக் காருக்கு இங்கே பதிவு கிடைக்காது. ஆகவே அதே வகையைச் சேர்ந்த வேறொரு மலேசியக் காரின் எண்ணை இதற்கு மாட்டுகிறார்கள். அந்தக் கார் விபத்தில் நொறுங்கியதாக இருக்கலாம். வேறோர் ஊரில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் புதிதாகப் பொறிப்பதும் உண்டு. அந்தத் துண்டை வெட்டி எடுத்து வேறு துண்டைப் பற்றவைப்பதும் உண்டு. அமெரிக்காவில் சாதாரணக் கார் ஜி.டி.ஓ. ஆன வித்தையும் இதுவும் ஒன்றே. அங்கே ஏமாந்தவர் தம் செல்வத்தில் ஒரு பகுதியை இழந்தார். இங்கே ஏமாறுபவர் தம் செல்வம் முழுவதையும் இழந்து விடுகிறார்.

எப்படி என்று பாருங்கள். அதிகாரிகள் சோதித்தால் காரைப் பறிமுதல் செய்வார்கள். களவுப் பொருளை விற்றவனுக்கு உரிமை இல்லாததால், வாங்கியவனுக்கும் உரிமை இல்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிட்டுவிடக்கூடும். போன காருக்கு வாங்கிய கடனோ போகாமல் நிற்கும்.

நம் மக்கள் பணம் சேர்த்த வரலாறு நமக்குத் தெரியும். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். அப்படிச் சேர்த்த கைகள் நம்முடையவை. சேமநிதியில் எடுத்த பணத்தையும் கூட்டுக்கட்டி எடுத்த பணத்தையும் ஒரு மாலைப் பொழுதின் பேச்சுக்கு இரையாக்கிவிடக் கூடாது.

இனி, காரோ மோட்டார் சைக்கிளோ, பழையது வாங்கப் போகும்போது செய்ய வேண்டியவற்றை முறைப்படி பார்ப்போம்.

முதலாவது, பல். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நேரில் பார்த்து, ‘கிரான்’ என்று நாம் சொல்லும் பதிவுப் பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடம், புதுச் சாயம், பற்றவைத்த வடு, கோணல் மாணலான எழுத்து ஆகியவை இருந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். 1981ஆம் ஆண்டிலிருந்து பரவிய உலக முறைப்படி அமைந்த சேஸிஸ் எண்ணில் 17 எழுத்துகளும் எண்களும் இருக்கும். ஒன்றோடும் சுழியோடும் குழம்பக்கூடிய ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வருவதில்லை. புரோட்டான் காரின் எண் ‘பி.எல்.1’ என்றும், பெரோடுவா காரின் எண் ‘பி.எம்.2’ என்றும் தொடங்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, உழைப்பு. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னால் திருப்பி வைப்பது பழைய தந்திரம். அமெரிக்கா 1972ஆம் ஆண்டில் இதற்கெனவே தேசியச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழக்கிறது, ஸ்டியரிங் பளபளக்கிறது, ஓட்டுநர் இருக்கை அமுங்கியிருக்கிறது என்றால் எது உண்மை பேசுகிறது என்று நமக்கே தெரியும். நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டும்; விற்பவர் காட்டும் மெக்கானிக் போதாது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரவும் மழையும் பழுதை மறைக்கும்.

மூன்றாவது, உரிமை. பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? கார் மீது வங்கிக் கடன் பாக்கி உண்டா? உரிமை மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதனை செய்யும்போது சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் அங்கே பார்ப்பார்கள். ‘சோதனை வேண்டாம், பெயர் மாற்றமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதனால்தான் இந்த விலை’ என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது காரை அன்று, வழக்கை.

நான்காவது, பணம். சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாறும் வரை முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் முன்பணம் சிறியதாக இருக்கட்டும். அது எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிய ரசீதும் இருக்கட்டும்.

ஏமாந்த பிறகு நாட வழிகள் உண்டு. சிங்கப்பூரில் பயனீட்டாளர் சங்கம் 1971ஆம் ஆண்டில் தோன்றியது. சிறு வழக்குகளுக்கான தீர்ப்பாயம் 1985ஆம் ஆண்டில் தொடங்கியது. வணிகரிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த பழுது எனக் கருதும் சட்டம் 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய கார்களும் அதில் அடங்கும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பாயம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கிறது. மூன்று ஆண்டுக்குள் முறையிட வேண்டும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவை பெரும்பாலும் வணிகர்மேல் தொடுக்கும் முறையீடுகள். பெயர் தெரியாத ஒருவரிடம், ரசீது இல்லாமல், சாலையோரத்தில் வாங்கியவருக்கு எந்தத் தீர்ப்பாயமும் எளிதில் உதவ முடியாது.

நேயர்களே, நம் பாட்டனார் காலத்தில் தாளைப் படிப்பவர் கிராணியாரும் கங்காணியாரும்தாம். படிக்கத் தெரியாத பெருவிரல் அவர்கள் காட்டிய இடத்தில் மை ஒற்றியது. என்ன எழுதியிருக்கிறது என்பது பிற்பாடு கூலி நாளில்தான் புரிந்தது. அந்த நிலை மாற வேண்டும் என்றுதான் தோட்டந்தோறும் பள்ளிக்கூடம் கேட்டோம். இன்று நம் வீடுகளில் மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தகப்பனார் பழைய கார் பார்க்கப் புறப்படும்போது, ‘பெரியவர்கள் பேச்சில் உனக்கென்ன வேலை’ என்று பிள்ளையை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். உடன் அழைத்துச் செல்லுங்கள். பத்திரத்தை அவள் கையில் கொடுங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து, எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

தாத்தா மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தார். பேத்தி காரின் எண்ணைப் படித்துப் பார்க்கட்டும். நேர்மையாக விற்பவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவரிடம் நாம் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.